பாப்பாரப்பட்டியில் ஊன்றிய கல்



தருமபுரி நகரிலிருந்து வடமேற்குத் திசையில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் சென்றால் பாப்பாரப்பட்டி என்னும் ஊர் வரும். கேழ்வரகும் மாமரங்களும் நிறைந்த வறண்ட பூமி அது. காவிரி ஒகேனக்கல்லில் ஆர்ப்பரித்து விழுவது இம்மாவட்டத்தில்தான் என்றாலும், இவ்வூர் மக்கள் மழையையும் கிணற்றையும் நம்பியே நெடுங்காலம் வாழ்ந்து வந்தனர். இவ்வூரில்தான் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதி மூச்சை விட்டார். அவருடைய நினைவிடமும் இங்கேயே உள்ளது. அவரது வாழ்க்கையை இவ்விதழின் வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, பணியின் முற்பகுதியில் இம்மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பித்தேன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு இவ்வூர்கள் யாவும் புதியவை. சுப்பிரமணிய சிவா பற்றிய பாடத்தை நடத்தும்போது, பிறந்த ஆண்டு, சிறை சென்ற ஆண்டு, மறைந்த ஆண்டு ஆகிய மூன்றையும் கரும்பலகையில் எழுதி, மாணவியரை மனப்பாடம் செய்யச் சொல்வது என் வழக்கம். ஒரு நாள் பின் வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்தாள். அவருக்கு நடக்கவே முடியாத நோய் இருந்ததே, கையில் பணமும் இல்லையே, அப்படியிருக்கக் கட்டி முடிக்க முடியாத கோயிலுக்கு ஏன் கல் நாட்டினார் என்று கேட்டாள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. தேர்வுக்கு அது வராது என்று கூறி அவளை அமரச் செய்துவிட்டேன். ஆசிரியப் பணியில் நான் செய்த பிழைகளுள் இன்றளவும் என் நெஞ்சை உறுத்துவது அது. அச்சிறுமி கேட்ட வினாவுக்கு விடை தேடுகின்ற முயற்சியாகவும் இதனை எழுதுகிறேன்.

இளமையும் வறுமையும்

சுப்பிரமணிய சிவா 1884-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், இன்றைய திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள வத்தலகுண்டில் பிறந்தார். தந்தையார் பெயர் இராஜம் ஐயர். தாயார் நாகலட்சுமி அம்மாள். தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்றான கமலாம்பாள் சரித்திரத்தை இயற்றிய பி. ஆர். இராஜம் ஐயரும், பின்னாளில் எழுத்துலகில் புகழ்பெற்ற பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா ஆகியோரும் அதே வத்தலகுண்டுடன் தொடர்புடையவர்கள். எழுத்துக்குப் பேர்போன மண்ணில் அவர் தோன்றினார் என்று சொல்லலாம்.

ஆனால் இல்லத்தில் செல்வம் இருக்கவில்லை. மதுரையில் சிறிது காலம் பயின்ற சிறுவனுக்கு, வறுமை காரணமாக அங்கே கல்வியைத் தொடர இயலவில்லை. திருவனந்தபுரத்தில் இலவசமாக உணவளிக்கும் ஊட்டுப்புரைகள் இருந்தமையால் அங்குச் சென்று, அவ்வுணவை உண்டு கல்வி கற்றார். பசித்த வயிற்றோடு பாடம் கேட்ட பிள்ளைகளை நம்மில் பலர் அறிவோம். அத்தகைய பிள்ளைகளுள் ஒருவராகவே அவரும் இருந்தார். அக்காலத்து வழக்கப்படி 1899-இல், தம் பதினைந்தாம் வயதுக்குள்ளாகவே, மீனாட்சி என்னும் பெண்மணியை மணந்தார். பின்பு துறவி ஒருவரிடம் யோகம் பயின்றபோது சிவா என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது.

1906-ஆம் ஆண்டில் ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த வடநாட்டுச் சொற்பொழிவாளர் ஒருவர் திருவனந்தபுரத்திற்கு வந்து, நாட்டின் அடிமை நிலையைப் பற்றிப் பேசினார். வங்காளத்தைக் கர்சன் பிரபு இரண்டாகப் பிரித்ததனால் நாடெங்கும் சுதேசிக் கனல் மூண்டிருந்த காலம் அது. அவ்வுரை சிவாவின் உள்ளத்தை உலுக்கியது. அவ்வாண்டிலேயே தருமபரிபாலன சமாஜம் என்னும் அமைப்பை ஏற்படுத்தி, இளைஞர்களைக் கூட்டித் தேசபக்தியைப் போதிக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. பதவியோ, பட்டமோ, பின்னணியோ ஏதுமில்லை. திருவிதாங்கூர் அரசாங்கம் அவரைத் தன் எல்லையை விட்டு வெளியேற்றியது. அவர் மனம் தளரவில்லை. கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்று, கூடிய இடத்திலெல்லாம் பேசினார். அவ்வாறு நடந்து சென்றவர் தூத்துக்குடியை அடைந்தார்.

தூத்துக்குடியில் தலைமை

தூத்துக்குடியில் அப்போது வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் மக்கள் தலைவராக விளங்கினார். 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டு, ஆங்கிலேயக் கம்பெனியின் வாணிகத்தையே கலங்கச் செய்தவர் அவர். வழக்கறிஞர், செல்வாக்கு மிக்கவர், நில புலன் உடையவர். சிவாவோ உடுத்த உடையன்றி வேறொன்றும் இல்லாத நாடோடிச் சொற்பொழிவாளர். எனினும் பிள்ளையவர்கள் அவரைத் தம் இல்லத்திலேயே தங்க வைத்துக்கொண்டார். கடற்கரை மணலில் மாலைதோறும் கூட்டங்கள் நடந்தன. ஆயிரக்கணக்கானோர் கூடினர். பிள்ளையவர்களின் செயல்திறமும் சிவாவின் நாவன்மையும் ஒன்றுசேர்ந்தபோது தென்பாண்டி நாடே விழித்தெழுந்தது.

அந்நாளில் தூத்துக்குடியில் ஆங்கிலேயருக்குச் சொந்தமான கோரல் நூற்பாலை இயங்கி வந்தது. அதில் வேலை செய்த ஏழைத் தொழிலாளர்களுக்குக் கூலி மிகக் குறைவு. வேலை நேரமோ மிக நீண்டது. வார விடுமுறையும் இல்லை. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பிள்ளையவர்களும் சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். வேலைநிறுத்தம் செய்தோர் பட்டினி கிடவாவண்ணம் ஊர்மக்களிடம் நிதி திரட்டப்பட்டது. பத்து நாட்களுக்குள் ஆலை நிர்வாகம் இறங்கி வந்து, கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் இசைந்தது. தொழிற்சங்கம் என்னும் சொல்லே பரவாத காலத்தில் பெற்ற வெற்றி இது. சென்னையில் முறையான தொழிற்சங்கம் தோன்றியது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்தே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்கே நாம் ஒன்றைக் கவனித்தல் நலம். தலைமை என்பது செல்வரும் கற்றோரும் மட்டுமே ஏற்கத்தக்க பொறுப்பு என்று நம்மில் பலர் எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். சிவாவிடம் இருந்தவை ஒரு குரலும், அக்குரலால் சொல்வதற்கு ஒரு பொருளும் மட்டுமே. அவ்விரண்டையும் கொண்டே அவர் தொழிலாளர்களின் முன்னே நின்றார். அவர்களுக்குப் பசி வந்தபோது தாமும் பசித்திருந்தவர் என்பதனால் அவர் சொல்லை அவர்கள் நம்பினர்.

வழக்கும் சிறையும்

வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் விடுதலையானதைக் கொண்டாட 1908 மார்ச் 9-ஆம் நாள் தூத்துக்குடியில் பெருங்கூட்டம் நடைபெற்றது. அதிகாரிகள் எச்சரித்தும் தலைவர்கள் பின்வாங்கவில்லை. மார்ச் 12-ஆம் நாள் பிள்ளையவர்களும், சிவாவும், பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. காவல் துறையினர் சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர்.

வழக்கை விசாரித்த நீதிபதி பின்ஹே, 1908 ஜூலை 7-ஆம் நாள் தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசிய குற்றத்திற்காகச் சிவாவுக்குப் பத்து ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. பிள்ளையவர்களுக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள். அவற்றுள் ஒன்று, சிவாவுக்கு உறுதுணையாக இருந்தமைக்காக விதிக்கப்பட்டது. ஒரு நண்பனுக்கு வீட்டில் இடமும் உணவும் அளித்ததும் குற்றமாக எண்ணப்பட்ட காலம் அது. உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தபின் தண்டனைகள் ஆறு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டன.

சிவா திருச்சிராப்பள்ளிச் சிறையிலும் சேலம் சிறையிலும் அடைக்கப்பட்டார். அக்காலச் சிறையில் அரசியல் கைதிக்கென்று தனி மதிப்பு ஏதுமில்லை. கொலை கொள்ளை செய்தோருக்கு என்ன உணவோ, என்ன வேலையோ, அவையே அவருக்கும். கம்பளிக்காக ஆட்டு மயிரைச் சுத்தம் செய்யும் கடும் வேலை அவருக்குத் தரப்பட்டதென்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். சிறையிலிருந்த காலத்திலேயே அவரது உடலில் தொழுநோயின் அடையாளங்கள் தோன்றின. 1912 நவம்பர் 2-ஆம் நாள் சேலம் சிறையிலிருந்து விடுதலையானபோது அவருக்கு இருபத்தெட்டு வயதுதான் நிறைந்திருந்தது. சிறைக்குள் திடகாத்திரமான இளைஞராகச் சென்றவர் நோயாளியாக வெளியே வந்தார்.

நோயும் எழுத்தும்

தொழுநோய் பற்றி இங்குச் சில சொற்கள் கூறுவது கடமையென்று எண்ணுகிறேன். அது பாவத்தின் பயனும் அன்று, குடும்பத்தின் வழி வருவதும் அன்று. ஒரு வகைக் கிருமியால் உண்டாவது என்று 1873-ஆம் ஆண்டிலேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். எளிதில் தொற்றக்கூடியதும் அன்று. கிருமி உடலில் புகுந்து, நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆவதும் உண்டு. 1980-களில் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சையால் ஓராண்டுக்குள்ளாகவே முற்றிலும் குணப்படுத்த முடிகிறது. ஆனால் சிவாவின் காலத்தில் இதற்கு உறுதியான மருந்து கிடையாது. உடல் வலியைவிடப் பிறர் விலகிச் செல்லும் வலியே பெரிதாக இருந்தது. நோயுற்றோரை ஒதுக்கி வைக்க 1898-ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசு தனிச் சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டம் நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது என்பது நம்மைத் தலைகுனியச் செய்யும் செய்தியாகும்.

இந்நிலையில் இருந்த ஒருவர், வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தால் எவரும் குறை கூறியிரார். அவரோ சென்னைக்குச் சென்று 1913-இல் ஞானபாநு என்னும் மாத இதழைத் தொடங்கினார். ஒரு பத்திரிகையைத் தொடங்குவது எளிது, அதனைத் தொடர்ந்து நடத்துவது எத்துணைக் கடினம் என்பதை இம்மாதிரிச் சமூக இதழ்களுக்குச் சந்தா செலுத்தி வரும் நாம் நன்கு அறிவோம். தாள் வாங்கப் பணம் வேண்டும், அச்சகத்தாருக்குக் கூலி தர வேண்டும், எழுதுவோரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அரசாங்கத்தின் கண்காணிப்பில் உள்ள ஒருவரின் இதழுக்கு எழுதவும் அதனை வாங்கவும் பலர் அஞ்சினர். அந்நாளில் புதுச்சேரியில் மறைந்து வாழ்ந்த மகாகவி பாரதியாரின் எழுத்துக்களை ஞானபாநு வெளியிட்டது. அவருடைய சின்னச் சங்கரன் கதை வெளிவந்ததும் இவ்விதழில்தான். சிறை மீண்டு வறுமையில் வாடிய சிதம்பரம் பிள்ளை அவர்களும் அதில் எழுதினார். ஊராரால் கைவிடப்பட்ட மூவர், ஒருவருக்கொருவர் துணையாக நின்று தமிழுக்குத் தொண்டு செய்த இடமாக அவ்விதழ் விளங்கியது.

ஞானபாநு நின்றபின் பிரபஞ்ச மித்திரன், இந்திய தேசாந்திரி ஆகிய இதழ்களை நடத்தினார். இராமாநுச விஜயம், மத்வ விஜயம் முதலிய நூல்களையும், தேசிங்குராஜன் முதலிய நாடகங்களையும் இயற்றினார். விரல்கள் மரத்துப்போகும் நோய் உடையவர் எழுதுகோலைப் பற்றி இத்தனை பக்கங்களை நிரப்பினார் என்பதை எண்ணும்போது, நன்றாக இயங்கும் கைகளை வைத்துக்கொண்டு கடிதம் எழுதவும் சோம்பும் நம்மைப்பற்றி வெட்கம் உண்டாகிறது.

இவ்விடத்தில் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையாரையும் நினைக்க வேண்டும். கணவர் சிறையில் இருந்த ஆண்டுகளில் ஊரின் ஏச்சையும் வறுமையையும் தாங்கி நின்றவர் அவர். கணவர் நோயோடு திரும்பியபோது விலகாமல் உடனிருந்தவர். 1915-ஆம் ஆண்டில் அவர் காலமானார். வரலாற்று நூல்களில் அவ்வம்மையாருக்கு இரண்டொரு வரிகளே இடம் கிடைத்துள்ளன. மேடையில் நிற்பதற்கு வேண்டிய துணிவு ஒரு வகை என்றால், மேடைக்குப் பின்னே விளக்கை அணையாமற் காப்பதற்கு வேண்டிய துணிவு மற்றொரு வகை. இவ்விரண்டில் எது பெரிது என்று அளந்து சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நடந்தே சென்றவர்

மனைவியை இழந்த பின்னும், நோய் முற்றிய பின்னும், சிவா தம் பயணங்களை நிறுத்தவில்லை. ஊர் ஊராகச் சென்று பேசினார். தொழிலாளர் நலனுக்காகக் குரல் கொடுத்தார். பின்னர்த் துறவுக் கோலம் பூண்டு, சுதந்திரானந்தர் என்னும் பெயரை ஏற்றார். 1921-ஆம் ஆண்டு அவர் பேசிய பேச்சுக்களுக்காக மீண்டும் கைது செய்யப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றார். உடல்நிலை மிகவும் சீர்குலைந்தமையால், தண்டனைக் காலம் முடியுமுன்னரே 1922-இல் விடுவிக்கப்பட்டார்.

அவருடைய நாவை அடக்க முடியாத அரசாங்கம் அவருடைய கால்களை அடக்க முயன்றது. தொழுநோயைக் காரணம் காட்டி, அவர் இரயிலில் பயணம் செய்யக்கூடாதென்று தடை விதித்தது. அந்நாளில் நெடுந்தொலைவு செல்வதற்கு இரயிலை விட்டால் வேறு வழி அரிது. ஊரூராகச் சென்று பேசுவதையே வாழ்வாகக் கொண்ட ஒருவருக்கு இதைவிடக் கொடிய தண்டனை இருக்க முடியாது. அதிகாரிகள் அவர் இனி அடங்கிவிடுவார் என்று எண்ணினர். அவரோ கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் பயணத்தைத் தொடர்ந்தார். புண்பட்ட பாதங்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் காய்ந்த சாலைகளில் அவர் நடந்தார். இளமையில் திருவிதாங்கூரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது நடந்த அதே கால்கள்தாம் அவை. தொடக்கத்தில் வறுமை அவரை நடக்க வைத்தது. இறுதியில் அரசாணை நடக்க வைத்தது.

பாப்பாரப்பட்டியில் ஆசிரமம்

அன்று தருமபுரி தனி மாவட்டம் அன்று. சேலம் மாவட்டத்தின் வட பகுதியாக இருந்தது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாளில்தான் தனி மாவட்டமாயிற்று. பின்பு 2004-இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது. சேலம் சிறையில் துன்புற்ற சிவாவுக்கு, அதே சேலம் மாவட்டத்தின் ஒரு மூலையில் இருந்த பாப்பாரப்பட்டி புகலிடமாக வாய்த்தது. அவ்வூரைச் சேர்ந்த சின்னமுத்து முதலியார் முதலான அன்பர்கள் அவரை வரவேற்றனர். நோயைக் கண்டு உலகம் விலகியபோது, இச்சிற்றூர் மக்கள் விலகவில்லை. அவர்கள் துணையுடன் ஏறக்குறைய ஆறு ஏக்கர் நிலத்தைப் பெற்று, பாரதாசிரமம் என்னும் ஆசிரமத்தை அமைத்தார்.

அந்நிலத்தில் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டுமென்பது அவர் உள்ளத்தில் நெடுநாளாக இருந்த கனவு. சாதி, சமய வேறுபாடின்றி எவரும் உள்ளே வந்து வழிபடத்தக்க கோயிலாக அது இருக்க வேண்டுமென்று அவர் விரும்பினார். தாழ்த்தப்பட்ட மக்கள் கோயில் வாயிலை நெருங்கவும் அனுமதிக்கப்படாத காலத்தில் எழுந்த எண்ணம் இது. தமிழகத்தில் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே. காசி மாநகரில் பாரத மாதா கோயில் ஒன்று உண்டு. சிலைக்குப் பதிலாகப் பளிங்கில் செதுக்கிய நாட்டின் வரைபடத்தையே அங்கே வைத்துள்ளனர். அதனை 1936-ஆம் ஆண்டு காந்தியடிகள் திறந்து வைத்தார். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, தமிழ்நாட்டின் ஒரு வறண்ட சிற்றூரில், நோயுற்ற ஒருவர் அத்தகைய கோயிலைக் கனவு கண்டார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

1923-ஆம் ஆண்டில் அக்கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அவர்கள். 1922 டிசம்பரில் கயாவில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய பெருந்தலைவர் அவர். அத்தகையவர் பாப்பாரப்பட்டிக்கு வந்து கல் நாட்டினார் என்றால், சிவாவின் மீது நாட்டின் தலைவர்கள் கொண்டிருந்த மதிப்பை நாம் உணரலாம்.

கல் நாட்டியாயிற்று. கோயில் எழ வேண்டுமே! அதற்குப் பொருள் திரட்ட மீண்டும் ஊர் ஊராகப் புறப்பட்டார் சிவா. கூட்டங்களில் பேசியும் கதைகள் சொல்லியும் மக்களிடம் கையேந்தினார். தமக்கென்று ஒருபோதும் கையேந்தாதவர், ஒரு பொதுக் காரியத்திற்காக ஏந்தினார். ஆனால் காலம் அவருக்கு இடம் தரவில்லை. 1925-ஆம் ஆண்டு அவர் நண்பர்களின் வட்டத்திற்கே கொடிய ஆண்டாக அமைந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் வ. வே. சு. ஐயர் பாபநாசம் அருவியில் தம் மகளைக் காக்கச் சென்று உயிர் துறந்தார். ஜூன் 16-ஆம் நாள் தேசபந்து தாஸ் டார்ஜிலிங்கில் மறைந்தார். ஆறு வாரங்களுக்குள், ஜூலை 23-ஆம் நாள், பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவும் மறைந்தார். கல் நாட்டியவரும், நாட்டச் செய்தவரும் அடுத்தடுத்து உலகை விட்டு நீங்கினர். சிவா நாற்பத்தொன்றாம் வயதைக்கூட நிறைவு செய்யவில்லை. கோயில் எழவில்லை.

மாணவியின் வினா

இனி அச்சிறுமியின் வினாவுக்கு வருகிறேன். முடிக்க இயலாது என்று தெரிந்தும் ஏன் தொடங்கினார்?

அவருடைய வாழ்க்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், தோல்விகளே மிகுதி என்று தோன்றும். அவர் துணை நின்ற சுதேசிக் கப்பல் கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது. அவர் நடத்திய இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றன. கோயில் கல்லோடு நின்றது. நாட்டின் விடுதலையை அவர் கண்ணால் காணவில்லை. அது வருவதற்கு இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தன. இக்கணக்கை அவரும் அறியாதவர் அல்லர். தம் உடல் நாளுக்கு நாள் தேய்வதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

ஆயினும் வேறொரு கணக்கும் உண்டு. கோரல் ஆலைத் தொழிலாளர்கள் பெற்ற வெற்றியைக் கண்டு பிற ஊர்த் தொழிலாளர்கள் தங்கள் உரிமையை உணர்ந்தனர். ஞானபாநு இல்லையெனில் பாரதியாரின் சில எழுத்துக்கள் அன்று அச்சேறியிரா. பாப்பாரப்பட்டியில் அவர் மூட்டிய உணர்ச்சியால் தருமபுரிப் பகுதியிலிருந்து தேசத் தொண்டர்கள் பலர் எழுந்தனர். 1961-இல் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் திரைப்படத்தில் டி. கே. சண்முகம் அவர்கள் சிவாவாக நடித்தபோது, பட்டிதொட்டிகளிலும் மக்கள் கண்ணீர் வடித்தனர். அவர் மறைந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, தமிழ்நாடு அரசு பாப்பாரப்பட்டியில் பாரத மாதா நினைவாலயம் ஒன்றை எழுப்பியது. அவர் ஊன்றிய கல் வீண்போகவில்லை.

ஆனால் இதுவும் முழு விடை அன்று என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நூறு ஆண்டு கழித்து எவரேனும் கட்டுவர் என்ற உறுதியில் அவர் கல் நாட்டவில்லை. ஒருவேளை எவரும் கட்டாமற் போயிருந்தாலும் அவர் செய்தது சரியே. முடிப்பது நம் கையில் இல்லை. தொடங்குவது மட்டுமே நம் கையில் உள்ளது. நம் பங்கு எது என்று தெரிந்து, அதனை இன்றே செய்து, எஞ்சியதைப் பின்வருவோரிடம் ஒப்படைப்பதே அவர் கண்ட வழி. துணிவு என்பது அச்சமின்மை என்று நான் வகுப்பில் பொருள் கூறியிருக்கிறேன். அது தவறு. அச்சமும் நோவும் உடனிருக்க, புண்பட்ட காலை அடுத்த அடி எடுத்து வைப்பதற்குப் பெயரே துணிவு. அச்சிறுமிக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பணி ஓய்வு பெற்றபின், எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணினேன். வயதாயிற்று, முழங்கால் வலிக்கிறது, தொடங்கிவிட்டுப் பாதியில் நின்றால் நான்கு பேர் சிரிப்பார்கள் என்று ஆண்டுகள் பலவற்றைத் தள்ளிப்போட்டேன். சிவாவின் நினைவு நூற்றாண்டான 2025-இல் பாப்பாரப்பட்டிக்கு மீண்டும் ஒருமுறை சென்று, அந்நினைவிடத்தின் முன் சிறிது நேரம் நின்றேன். நாற்பது வயதில் கால்கள் தேய்ந்து மறைந்தவரின் முன்னே, எழுபது கடந்தும் நடமாடிக்கொண்டிருக்கும் என் சாக்குப்போக்குகள் மிகச் சிறியனவாகத் தோன்றின. திரும்பி வந்த வாரமே திண்ணையைப் பெருக்கிப் பாய் விரித்தேன். முதல் நாள் இரண்டு பிள்ளைகள் வந்தனர். இப்போது ஏழு பேர் வருகின்றனர். எத்தனை காலம் நடத்துவேன் என்பது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

நாம் எண்ணிக்கையில் சிறிய சமூகத்தினர். நம் பிள்ளைகள் கல்வி கற்று வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட்டனர். ஊர்ப் பொதுக் காரியங்களை யார் எடுத்து நடத்துவது என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்கும் நிலை இன்று பல ஊர்களில் உள்ளது. ஒரு நூலகம், ஒரு மாலை வகுப்பு, முதியோரைச் சென்று காணும் ஒரு குழு, பழைய ஏடுகளைப் பேணும் ஒரு முயற்சி என எத்தனையோ பணிகள் ஒருவருடைய தொடக்கத்திற்காகக் காத்திருக்கின்றன. முழுவதும் முடிக்கும் வல்லமை வந்தபின் தொடங்குவோம் என்றிருந்தால், எக்காரியமும் தொடங்காது.

தாய்மார்களே, தருமபுரி வழியாகச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாப்பாரப்பட்டிக்கு ஒருமுறை சென்று வாருங்கள். தருமபுரியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். அத்தொலைவை ஒருவர் புண்பட்ட பாதங்களோடு நடந்தார் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் ஏன் என்று கேட்பார்கள். தயவு செய்து, தேர்வுக்கு வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.